பருத்தித் துணி

மதியத் தூக்கத்திலிருந்து விழித்தபோது கழுத்தடியில் ஏதோ உறுத்தியது. இழுத்துப் பார்த்தார். ஈரத்தை உறிஞ்சும் சிறிய வெள்ளைப் பொட்டலம். புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்குமே, அழுத்தினால் உள்ளே மணிமணியாக உருளுமே, அது. பழைய கம்ப்யூட்டரை மூடி வைக்கும்போது கூடவே போடுவதற்காக அவர் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்று. சாப்பிட்டதும் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் வந்து படுத்தார். சட்டைப் பையில் தங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தலையணையின் மறுபக்கம் இன்னொன்று இருந்தது. கால்மாட்டில் இரண்டு.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கம்ப்யூட்டர் மனைவியுடையது. கணக்கு டீச்சரான அவள் கேள்வித்தாள் அடிப்பதற்காக ஆசை ஆசையாக வாங்கியது. அவள் இறந்த பிறகு அதை விற்க மனம் வரவில்லை. வீடு ரொம்பவும் ஊமையாகிப்போகிற நாட்களில் மேஜைமேல் இறக்கி வைத்து ஓடவிடுவார். உள்ளே விசிறி இரைய, சூடேறிய தூசியின் வாசனை மெல்ல மெல்ல அறையில் பரவ, பக்கத்தில் யாரோ உட்கார்ந்து தன் பாட்டுக்கு வேலை பார்ப்பதுபோல் இருக்கும். பிறகு அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே அலமாரியில் எடுத்து வைப்பார். "பிளாஸ்டிக் போட்டு மூடாதீங்க, உள்ளயே வேர்த்துடும். பருத்தித் துணிதான். வெயில் ஆகாது, ஈரம் ஆகாது. பேட்டரிய உள்ள விட்டுடாதீங்க, கசிஞ்சு மொத்தத்தையும் அரிச்சுடும்."

எழுந்து உட்கார்ந்தார். மேலே ஒரு வெள்ளைப் போர்வை. போர்த்திக்கொண்டு படுத்த ஞாபகம் இல்லை. அதன் நான்கு ஓரமும் மெத்தைக்கடியில் சீராகச் செருகப்பட்டிருந்ததால் காலை உதறித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. திறந்து வைத்த ஜன்னல் சாத்தியிருந்தது. திரைச்சீலை இழுத்துவிடப்பட்டு, வெளிச்சம் ஒரு நூலாகக்கூட உள்ளே வரவில்லை. ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினார். சுவர்க் கடிகாரம் நின்றிருந்தது. அதன் பேட்டரி கீழே ஸ்டூலின்மேல், காகிதத்தில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. செல்போன் உயிரில்லாமல் கிடந்தது.

சமையலறைக்குப் போனார். மதியம் சாப்பிட்டு அவர் ஊறப்போட்ட தட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பூஞ்சை பூத்து, பூத்தது காய்ந்தும் போயிருந்தது.

படியிறங்கி ஓடினார். கீழே தையல் கடைக்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"வாங்க சார். ஊர்லேருந்து எப்ப வந்தீங்க?"

"எந்த ஊரு? நான் எங்கயும் போகலயே."

"விளையாடாதீங்க சார். உங்க பேன்ட்டு தெச்சு எவ்ளோ நாளா தொங்குது. கதவத் தட்டித் தட்டி என் கைதான் வலிச்சுது. சரி, பொண்ணு வீட்டுக்குப் போயிருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அந்த பேன்ட்டை அன்று காலையில்தான் கொடுத்திருந்தார். ஹேங்கரில் மடிந்து தொங்கிய அதன் மடிப்பின்மேல் தூசி படிந்திருந்தது.

கடைக்காரரின் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா! யார் நம்பர் இது?"

"நாம கடைசியா எப்பம்மா பேசினோம்?"

"கோச்சுக்காதீங்கப்பா. வேலை கழுத்த நெரிக்குது. நானே கூப்பிடணும்னுதான் தினமும் நெனக்கிறேன். நல்லாத்தானே இருக்கீங்க?"

அவர் இல்லாமல் போனது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. "நல்லா இருக்கேம்மா. கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா?"

"இதென்ன கேள்வி? உடனே கிளம்பி வாங்கப்பா."

"உங்க முகமே சரியில்ல சார். உட்காருங்க, டீ சொல்றேன்" என்றார் கடைக்காரர்.

"பையும் பணமும் எடுத்துட்டு ஒரே ஓட்டமா வந்துடறேன்."

மேலே ஏறும்போதே அந்த இரைச்சல் கேட்டது. விசிறி. சூடேறிய தூசியின் வாசனை வாசல்வரை வந்திருந்தது. அலமாரிக்குள் அவர் கையாலேயே மூடி வைத்த கம்ப்யூட்டர் மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் அறை பச்சையாகத் தெரிந்தது. அதன்முன் நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் விசைகள் தடதடவென்று அமுங்கிக்கொண்டிருந்தன, பழகிய கை அமுக்குகிற வேகத்தில்.

பையை எடுக்கக் குனிந்தார். கால்கள் கனத்தன. இமைகள் கனத்தன. யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி. கட்டில் விளிம்பைப் பிடித்தார். பிடி நழுவியது. எப்படிப் படுத்தார் என்று தெரியவில்லை. மல்லாந்து கிடந்தார். கூப்பிட வாயைத் திறக்கப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

தட்டும் சத்தம் நின்றது.

நாற்காலி நகர்ந்தது.

கம்ப்யூட்டர் அணைந்தது. திரைச்சீலை வளையங்கள் ஒவ்வொன்றாகக் கம்பியில் உரசின. இருட்டு. கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டு, அதுவும் நின்றது. கழுத்தடியில் ஒரு பொட்டலம். கையிடுக்கில் ஒன்று. அவசரமே இல்லை. பாதத்திலிருந்து துணி மேலே ஏறியது. முழங்கால். இடுப்பு. வயிற்றில் வந்து நின்றது.

சட்டையின் முதல் பொத்தான் கழன்றது.

அவள்தானோ என்று ஒரு கணம் நெஞ்சு ஏங்கியது. விரல்கள் தோலைத் தொட்டன. அவள் விரல்கள் அவருக்குத் தெரியும். இவை அவளுடையவை அல்ல.

இரண்டாவது பொத்தான். மூன்றாவது.

இடப்பக்க மார்பின்மேல் அவை நின்றன. துடிப்பைக் கேட்பதுபோல. பிறகு ஒரு நகம், மெதுவாக, மிகப் பொறுமையாக, விலா எலும்போரமாக நகர்ந்தது. பேட்டரி மூடியின் விளிம்பைத் தேடுகிற மாதிரி.

விளிம்பு அகப்பட்டது.