ஜோடி ஆட்டம்

கேசட்டைக் கையில் எடுத்தபோதே வெதுவெதுப்பாக இருந்தது. அதை இன்னும் மெஷினில் சொருகக்கூட இல்லை.

வெளியே மழை விட்டபாடில்லை. பழைய பிளாஸ்டிக்கும் நனைந்த அட்டைப்பெட்டியும் கலந்து நாறும் பின்னறைப் புழுக்கத்தில், கூரைத் தகரத்தின் ஓயாத படபடப்பைக் கேட்டபடி, தங்கை பஞ்சு மெத்தையில் சம்மணமிட்டு அமர்ந்து வீடியோ கேம் கேசட்டுகளை ஓட்டிப் பார்த்து விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். முன்கடையில் பழைய சாமான் வியாபாரம் பார்ப்பது அண்ணன். விலை போடுவது இவள். அதுவும் தொகுப்புக் கேசட் என்றால் இவளிடம் யார் பருப்பும் வேகாது. மேலே 'நூறு ஆட்டம்' என்றிருக்கும். உள்ளே பத்தே ஆட்டம் பேரை மாற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். கடைசி ஆட்டம்வரை பார்க்காமல் விலை சொல்லமாட்டாள்.

"அண்ணா, இந்தக் கேசட் இருந்த பெட்டி யாரு குடுத்தது?"

"ஒரு அம்மா. வீட்டுக்காரர் ஆடுறதாம். கூட ஆட ஆள் இல்லன்னு தினமும் கத்துறாராம்."

"அவரக் கேக்காமலா வித்தாங்க?"

"நானும் கேட்டேன்." அண்ணன் குரல் சற்றுத் தயங்கியது. "அவர் போன வருஷமே தவறிட்டாராம்."

அந்த அம்மா துக்கத்தில் ஏதோ உளறியிருப்பாள் என்று இவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். கேசட்டைச் சொருகி, ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டே வந்தாள்.

கடைசி ஆட்டத்துக்குப் பேரே இல்லை. திறந்தாள். நீண்ட தெரு, இரண்டு குட்டி உருவங்கள். ஒன்று இவள் பொத்தானுக்கு நடந்தது. மற்றது தானாக நடந்தது. அதை நடத்தும் இரண்டாவது கன்ட்ரோலர் மெஷினில் மாட்டப்படாமல், வயர் சுற்றியபடி பெட்டிக்குள் கிடந்தது.

இவள் நின்றால் அது நின்றது. ஓடினால் பின்னாலேயே ஓடிவந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நெருங்கி.

சுவிட்சை அணைத்தாள். திரை அணையவில்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். அப்போதும் இல்லை.

வியர்வை நாற்றம். அவளுடையது அல்ல.

எழ நினைத்தாள். கட்டைவிரல்கள் தாமாகப் பொத்தான்மேல் போய் ஒட்டிக்கொண்டன, விடவில்லை.

"மழை வலுக்குது. பூட்டிடலாமா, வர்றியா?" முன்னாலிருந்து அண்ணன்.

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவள் தோளுக்குப் பக்கத்திலிருந்து, அவள் குரலிலேயே, பதில் போயிற்று.

"நீ போண்ணா. நான் அப்பவே கிளம்பிட்டேன், பின்வாசல்லதான் நிக்கிறேன்."

"சரி, பாத்துப் போ."

ஷட்டர் இறங்கியது. பூட்டு. குடை விரியும் சத்தம். காலடி. பிறகு மழை மட்டும்.

பெட்டிக்குள் ஏதோ உரசியது. சுற்றியிருந்த வயர் மெதுவாகப் பிரிந்து தரையில் நீண்டது. அவள் முழங்காலை ஒட்டினாற்போல், உட்கார்ந்த ஆளின் மடி உயரத்தில், கன்ட்ரோலர் அந்தரத்தில் நின்றது. அதன் பொத்தான்கள் ஒவ்வொன்றாய் அமுங்கி எழுந்தன. அவள் பக்கத்தில் மெத்தை, யாரோ உட்கார்ந்த பாரத்தில் குழிந்திருந்தது.