பருத்துப் போன பிளாட்டினம்

பழனிசெட்டிபட்டி ஷரீப் பாயின் தராசு ரிப்பேர் கடைக்குத் தராசு சரியில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தராசு சரியாகத்தான் இருக்கும். மனசுதான் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதை நிமிர்த்துவதிலும் அவர் கெட்டிக்காரர். வியாழன் காலை வந்த ஆய்வகத் தலைவி ஹேமாவதிக்கும் அந்த வைத்தியம்தான் தேவைப்பட்டது.

“பாய், எங்க ஆய்வகத்துல சதி நடக்குது. ஹைட்ரஜன்ல கரண்டு எடுக்குற ஃப்யூல் செல்லுக்குப் பிளாட்டினம் துகள் வளர்க்குறோம். மூணு நானோமீட்டர்ல நிக்கணும். பொடிசா இருந்தாத்தான் நல்லா வேலை செய்யும். ரெண்டு வாரமா பன்னிரண்டுக்குப் பருத்துப் போகுது. திங்கக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து பணம் போடுறவுக பார்க்க வர்றாக. எங்கிட்ட ஆராய்ச்சி பண்ற சுபாஸ்ரீதான் எதையோ கலக்குறா. அவளை வேலைய விட்டு அனுப்பக் கடிதம் எழுதிட்டேன். எதுக்கும் எங்க தராசையும் ஒருக்கா பார்த்திருங்க.”

“நான் அப்பவே நினைச்சேன்!” என்றான் பாயின் மைத்துனன் ரஃபி. சுபாஸ்ரீயை அவன் பார்த்ததே இல்லை.

“மாப்ள, நீ பையைத் தூக்கு” என்றார் ஷரீப்.

ஆய்வகம் பளபளவென்று இருந்தது. தராசு மேசையில் மட்டும் டம்ளர் அகலத்துக்கு ஒரு வெளுத்த வட்டம். ஷரீப் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டைப் புரட்டினார். முன்பெல்லாம் சனிக்கிழமைத் துகள்தான் வாரத்திலேயே பொடிசு. உதவியாளர் ஒச்சாண்டி சோப்பு போட்டுக் குடுவை கழுவிக்கொண்டிருந்தார்.

“ரஃபி, நம்ம பக்கத்துக் கடைக் கல்லா மேல, டம்ளர் தண்ணியில என்ன கிடக்கும்?”

“எலுமிச்சம்பழம், மச்சான். கண்ணு படாம இருக்க.”

“ஒச்சாண்டிண்ணே, இங்கன இருந்த பழம் எங்க?”

“மேடம்தான் எடுக்கச் சொன்னாக. வர்றவுக பார்த்தாச் சிரிப்பாகளாம். ரெண்டு வாரமாச்சு.”

“வெள்ளிக்கிழமை மாத்துனதும் பழைய பழத்தை என்ன செய்வீக?”

“சாமி பேரச் சொல்லி வச்சது, குப்பையிலயா போடுறது? குடுவைக் கறையத் தேய்ச்சு, லேசா அலசி வச்சிருவேன்.”

ஹேமாவதியின் முகம் மாறியது. “சிட்ரிக் அமிலம்! அது துகள் மேல ஒட்டிக்கிட்டு வளரவிடாம நிறுத்தும்.”

“வெள்ளி தேய்ச்ச குடுவை, சனி பொடிசு. ஒட்டுன மிச்சம் வாரம் பூரா தாங்கியிருக்கு. பழம் போச்சு, துகள் பருத்திருச்சு” என்றார் ஷரீப்.

“அப்ப சதிகாரி யாரு?” என்றான் ரஃபி.

“பழத்தை எடுக்கச் சொன்னவுக.”

ஹேமாவதி கடிதத்தை நாலாகக் கிழித்துவிட்டு, அடுத்த அறையிலிருந்த சுபாஸ்ரீயைக் கூப்பிட்டாள். “மன்னிச்சிரு ஆத்தா.”

“அமிலத்தை நீங்க அளக்குறீகளா, நான் அளக்கவா?” என்றாள் சுபாஸ்ரீ.

“நீயே அள.”

மறுநாள் துகள் மூன்றில் நின்றது.

திங்களன்று கோயமுத்தூர்க்காரர்கள் மறுபடி டம்ளரில் மிதந்த பழத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தார்கள். சுபாஸ்ரீ துகள் அளவுத் தாளை நீட்டிய பிறகு, அது எந்தக் கடைப் பழம் என்று விசாரித்தார்கள்.