சிரிக்கிற முகம்

ஸ்பீக்கரின் பிளக்கையே பிடுங்கிப் போட்ட பிறகும் மில்லின் இரைச்சல் அடங்கவில்லை.

ஹபீப் ரகுமான் தலையைச் சாய்த்துக் கேட்டான். ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கறுப்புத் திரை மாட்டிய எடிட்டிங் அறை அது. வெளியே மத்தியான வெயிலில் பரோட்டாக் கல்லைச் சுரண்டும் சத்தம், 'ஸ்ரீவில்லி, ஸ்ரீவில்லி' என்று கண்டக்டர் கூவும் சத்தம். அவற்றுக்கும் அடியில், தரைக்குள்ளிருந்து கிளம்புவதுபோல், நூல் சுற்றும் ஆயிரம் பாபின்கள் சுழலும் ஒரே சீரான ரீங்காரம். கூடவே மெஷின் எண்ணெயின் சூடான வாடை.

மானிட்டரில் நூற்பு மில்லுக்கான நான்கு நிமிட விளம்பரப் படம். நாளைக்கு வெளிநாட்டு வியாபாரிகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். மெஷினை மட்டும் காட்டினால் பார்க்கிறவன் தூங்கிவிடுவான், சிரிக்கிற முகம் ஒன்று வேண்டும் என்று மேனேஜரிடம் அடித்துச் சொன்னவன் ஹபீப்தான். அதற்கு மில்லில் நூற்பு மெஷினில் வேலை பார்த்த பாண்டிசெல்வியைப் பொறுக்கியதும் அவன்தான். முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் வைத்திருந்தவளிடம் தொப்பியைக் கழற்றச் சொன்னான். பின்னல் முன்னால் கிடக்கட்டும், பூ தெரியட்டும், குனிந்து அறுந்த இழையை ஒட்டு என்றான். சூப்பர்வைசர் வைவாரே என்று அவள் தயங்கியபோது, அவரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னான். மூன்றாம் தடவை குனிந்தபோது ரோலர் பின்னலைப் பிடித்துக்கொண்டது.

அவளாகவே தொப்பியைக் கழற்றினாள் என்று மில்லில் சொன்னார்கள். ஹபீப் மறுக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. பாண்டிசெல்வியின் அக்கா சிவரஞ்சனி. மகாராஜபுரத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். அவன் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். கேமரா முன்னால் மினுக்கப் போய்ச் செத்தாள் என்று தங்கையின் மாமியார் வீட்டில் பேசுகிறார்களாம். தங்கை மகள், சின்னப்பிள்ளை, அதையெல்லாம் கேட்டுக்கொண்டே வளர்கிறாளாம்.

"நீங்க பக்கத்துலதான நின்னிய, அண்ணே. தொப்பிய அவளாத்தான் கழட்டுனாளா? இல்லைன்னு ஒரு சொல்லு போதும். அந்தப் பிள்ளகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

கழற்றச் சொன்ன அவன் குரல் பதிவான காட்சி, அவள் முழங்கை படும் தூரத்தில், கம்ப்யூட்டருக்குள் இருந்தது. போலீஸ் ஸ்டேஷன், கேஸ், பூட்டுப் போட்ட ஸ்டூடியோ எல்லாம் அவன் கண்முன் ஓடின.

"அவளாத்தாம்மா கழட்டுனா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

சிவரஞ்சனி தலையை ஆட்டிக்கொண்டாள். தம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவன் கதவைத் தாழிட்டான். அந்தக் காட்சியை அழித்தான். இருக்கிறதா என்று மறுபடி தேடிப் பார்த்தான். இல்லை. படத்தை முதலிலிருந்து ஓடவிட்டான்.

பஞ்சு பிரிக்கும் இடம். தொப்பி போட்ட ஒருத்தி கையை மெதுவாக உயர்த்தினாள். தொப்பியைக் கழற்றினாள்.

அப்படி ஒரு ஷாட் அவன் எடுக்கவே இல்லை.

அடுத்த ஷாட். இன்னொருத்தி. கழற்றினாள். பேக்கிங் பிரிவு. அங்கே நின்ற மூன்று பேரும் கழற்றினார்கள்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். படம் நிற்கவில்லை.

கடைசி ஷாட். மில்லின் முழு நீளம். ரீங்காரம் சட்டென்று அற்றுப்போனது. மெஷின்கள் அசையவில்லை. இரு பக்கமும் வரிசையாகப் பெண்கள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டார்கள். குனிந்தார்கள். ரோலரின் மேல் வைத்தார்கள். ஒருத்தியும் மெஷினைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தார்கள். அவனை. சிரித்தபடி.

வரிசையின் கடைசியில் ஒரு சின்னப்பிள்ளை. குதிகால் தூக்கி எக்கினாள். ரிப்பன் கட்டிய சடையை ரோலரில் வைத்தாள். அவளும் அவனைப் பார்த்தாள்.

காத்திருந்தார்கள். அவன் குரலுக்காக.

ஹபீப் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். இறுக்கினான்.

விரல்களுக்கு அடியில் உதடுகள் தாமாகப் பிரிந்தன.