கடைக்குள் மட்டும் நடக்கும் செருப்பு

தியாகராய நகரில் இருந்த பொன்ராஜின் சட்டைக் கடைக்குள் செருப்புக்கு அனுமதி கிடையாது. முதலாளியே வாசலில் கழற்றிவிட்டு, லட்சுமி படத்தைக் கும்பிட்ட பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பார்.

அன்று பள்ளி விடுமுறை. மகள் மதுமதியும் கடையில் இருந்தாள். வெள்ளைத் தரையில் சிவப்புப் பொட்டுகள் வரிசையாகப் போயின. அவள் பார்வை கூடவே போய் அப்பாவின் குதிகாலில் நின்றது.

"அப்பா, கால்ல ரத்தம்!"

"எங்கட்டி? ஒண்ணும் வலிக்கலியே!"

குதிகாலில் ஒரு குண்டூசி, கொண்டை வரைக்கும் இறங்கியிருந்தது. புதுச் சட்டையைப் பிரிக்கும்போது கீழே விழுகிற ஊசி. எறும்பு கடித்தாலே ஊரைக் கூட்டும் அப்பாவுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? கெஞ்சிக் கூத்தாடி, சர்க்கரைக்கு அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் மதுமதி அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா ஊசியை எடுத்து மருந்து போட்டார். பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார்.

"நடந்தா கெண்டைக்கால் இழுக்குதா?"

"ஆமாம்மா. நாள் பூரா நின்னா இழுக்கத்தான செய்யும்?"

"அது மட்டும் இல்லீங்க. உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. அது ரொம்ப நாள் கூடுதலா இருந்தா கால் ரத்தக்குழாய் சுருங்கி, ரத்த ஓட்டம் குறையும். உணர்ச்சியும் மரத்துடும். சின்னப் புண்ணுகூட ஆறாம காலுக்கே ஆபத்தாயிடும். மாத்திரையை விடாதீங்க. வெறுங்கால்ல நடக்காதீங்க."

"கடைக்குள்ளயுமா?"

"கடைக்குள்ளதானே குத்துச்சு?"

வெளியே வந்ததும் பொன்ராஜ் முறுக்கிக்கொண்டார். "லட்சுமி இருக்கிற எடத்துல செருப்பா? நடக்கிற காரியமா?"



காயம் ஆறி அவர் கடைக்குத் திரும்பிய அன்று, மதுமதி ஒரு சட்டை டப்பாவை நீட்டினாள். உள்ளே தடித்த அடியுள்ள புதுச் செருப்பு. அம்மாவோடு போய் வாங்கியிருந்தாள்.

"இதுல தெரு மண்ணு பட்டதே இல்லப்பா. இனிமேலும் படாது. உள்ளே மட்டும் போடுங்க."

பொன்ராஜ் லட்சுமி படத்தைப் பார்த்தார்.

"அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. உங்க காலுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் கோவிச்சுக்குவேன்."

பொன்ராஜ் செருப்புக்குள் காலை நுழைத்தார்.

மாலையில் மதுமதி அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒரு குண்டூசி குத்தியிருந்தது.

"எனக்குத் தெரியவே இல்லட்டி!"

"தெரியாட்டி என்னப்பா? செருப்பு வாங்கிக்கிச்சுல்ல?"

பொன்ராஜ் ஊசியைப் பிடுங்கினார். பிறகு விலையுயர்ந்த சட்டையை மடித்து வைக்கும் அதே அக்கறையோடு, செருப்பை டப்பாவில் வைத்து மூடினார்.