ஒருசந்தி முடிகிற நாள்

"அந்த பாட்டில் மேல கை வச்சே... அவ்ளோதான் சொல்லிட்டேன் தேவமணி!"

ஈஸ்டர் பூசை முடிந்து வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மத்திகிரியில் அந்த இரண்டு அறை வாடகை வீட்டின் சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் மாமியார் பூவம்மாள். அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அலமாரியில், மாதா படத்துக்குக் கீழே, மஞ்சள் துணி சுற்றிய பாட்டில். கொழுந்தன் மேக்ஸ்வெல் கர்நாடகா பார்டர் தாண்டி அத்திப்பள்ளியில் வாங்கி வந்தது.

அந்தக் குடும்பத்தின் வழக்கம் அது. சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை ஆண்கள் யாரும் குடியைத் தொட மாட்டார்கள். ஒருசந்தி நோன்பு! ஈஸ்டர் பூசை முடிந்ததும் தாய் தன் கையால் முதல் கிளாஸை ஊற்றிக் கொடுத்து அதை முடித்து வைப்பாள்.

ஒவ்வொரு வருடமும் தேவமணி வாயை மூடிக்கொண்டு கறி வறுப்பாள். மறுநாளிலிருந்து அவள் கணவன் சகாயநாதன் யாரென்றே அவளுக்குத் தெரியாமல் போய்விடும்.

"இந்த ஒரு வருஷம் ஊத்திக் குடுக்காதீங்க அத்தை... கால்ல விழறேன். அவரை குடியை மறக்க வைக்கிற அந்த இல்லத்துல சேத்துடலாம்."

"ஒம்பது மாசம் அடைச்சி வைக்கிற எடத்துலயா? எம் புள்ளை என்ன பைத்தியமா? நாப்பது நாளு ஒரு சொட்டு தொட்டானா? சொல்லுடி! நாப்பது நாளு இருக்க முடிஞ்சவன் எப்படிடி குடிகாரன் ஆவான்? மீதி நாள்ல அவனைக் குடிக்க வைக்கிறது யாரு? நீ! உன் மூஞ்சி!"

தேவமணியால் ஒருபோதும் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. அவன் தொடவில்லை என்பது உண்மைதானே! ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டப் போகும்போதெல்லாம் அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்... என் சமையலா? என் பேச்சா? என்னிடம் என்ன குறை?

மேக்ஸ்வெல் சமாதானத்துக்கு வந்தான். "நல்ல நாளும் அதுவுமா ஏன் அண்ணி? பெங்களூர்ல மூணே வாரத்துல கிளீன் பண்ணி அனுப்பறாங்களாம். அண்ணனுக்குக் கம்பெனில லீவும் கெடைக்கும். பைக்கை சர்வீஸ் விடற மாதிரிதான்!"

"அங்கயும் போய்ப் பாத்தேன் தம்பி. மூணு வாரத்துல உடம்புல இருக்கறது எறங்கும். அதைத்தான் உங்க அண்ணன் வருஷா வருஷம் வீட்லயே செய்யறாரே! எறங்கறது அவருக்குப் பெருசில்ல. மறுபடி ஏறாம வாழத்தான் தெரியல. அதைக் கத்துக்க நாளாகும்னாங்க..." குரல் உடைந்தது. "இன்னொரு எடத்துல ஜன்னலுக்கெல்லாம் கம்பி. உள்ள ஒரு ஆளு 'வீட்டுக்குச் சொல்லுங்கம்மா'ன்னு கத்தறாரு. அங்க விடுவேனா அத்தை, உங்க புள்ளையை? மூணாவதாதான் தேன்கனிக்கோட்டை பக்கம் இதைக் கண்டேன்..."

"ஊரெல்லாம் சுத்தி எம் மகனுக்கு ஜெயில் தேடிக்கினு வந்திருக்கா! சொம்பால அவன் நெத்தியைப் பொளந்தவதானே நீ?"

தேவமணியின் கண்ணில் நீர் முட்டியது.

"அவ அடிக்கலம்மா."

எல்லோரும் திரும்பினார்கள். முன்னறையில் புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்த சகாயநாதன் எழுந்து வந்திருந்தான்.

"போன ஈஸ்டர் முடிஞ்சி மூணாம் நாளு, ஷிஃப்ட்ல போதையோட மெஷின்கிட்ட விழுந்தேன். ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா தலையே இருந்திருக்காது. உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னு, சண்டையில சொம்பை வீசிட்டேன்னு சொல்லுடின்னு இவளைக் கெஞ்சினேன். சொன்னா. ஒரு வருஷமா நீ திட்டற திட்டை வாங்கிக்கினு நிக்கறா!"

அவன் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் சொல்றேன். இந்த நாப்பது நாளும் நான் ஆண்டவரை நெனைக்கலம்மா... சிலுவைப்பாதையில முட்டி போட்டப்ப கூட, ஈஸ்டருக்கு இன்னும் எத்தினி நாளுன்னுதான் எண்ணிக்கினு இருந்தேன். எங்கம்மா ஊத்தித் தருவா, எங்கம்மா ஊத்தித் தருவான்னு... அந்த நெனப்புலதான் ஒவ்வொரு நாளையும் தள்ளினேன்! வைராக்கியம் இல்லம்மா அது. வேற ஒரு பசி."

கறி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. யாரும் அசையவில்லை.

தேவமணி மலைத்துப்போய்க் கணவனைப் பார்த்தாள். அவனுடைய பொய்கள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. ஆனால் இது அவளுக்கும் தெரியாது! சொந்தத் தாயின் முன்னால், நல்ல நாளில், தன் பெருமையைத் தானே உரித்துப் போட ஒரு மனிதனுக்கு எவ்வளவு பலம் வேண்டும்! இந்த மனிதனையா இத்தனை வருடம் பலமில்லாதவன் என்று நினைத்தோம்?

"சேசுவே... நானாடா?" பூவம்மாள் தன் இரு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "நானாடா ஊத்திக் குடுத்தேன்?"

விறுவிறுவென்று போய் பாட்டிலை எடுத்தாள். துணியை அவிழ்த்து, துவைக்கிற கல்லடியில் கவிழ்த்தாள். வாசனை குப்பென்று வீடெங்கும் பரவியது. சகாயநாதனின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. கதவு நிலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான். பாட்டில் காலியாகும் வரை அவன் கண்கள் அதைவிட்டு நகரவில்லை.

பூவம்மாள் நிமிர்ந்தாள். அந்தக் கண்களைப் பார்த்தாள். குழந்தையாக அவன் பாலுக்கு அழுத நாட்களில்கூட அப்படியொரு தவிப்பை அவள் கண்டதில்லை.

"தேவமணி..." என்றாள் மெல்ல. "அந்த எடத்துக்கு எப்ப போலாம்?"

*

டாக்டரிடம் காட்டிவிட்டு, அந்த வாரமே மூவரும் தேன்கனிக்கோட்டை பஸ் ஏறினார்கள்.

காட்டை ஒட்டி ஓட்டுக் கட்டடங்கள். மரத்தடியில் ஏழெட்டு ஆண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ எதையோ சொல்ல, எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். தேவமணிக்கு உடம்பு சிலிர்த்தது. குடிக்காத ஆண்கள் கூடி உட்கார்ந்து இப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை!

பூவம்மாள் கேட்டையே சுற்றிச் சுற்றி வந்தாள். "பூட்டு எங்கம்மா?"

"பூட்டு கெடையாதும்மா," என்றாள் அங்கே ஆலோசனை சொல்லும் ஜெயமணி. "ராகிக் கொல்லைக்கு யானை வந்தா மட்டும் சாத்துவோம். இவங்களே தகரம் தட்டி வெரட்டிடுவாங்க."

"ஓடிப்போனா?"

"போலாம். தெனம் காலையில கேப்போம், இன்னிக்கு இருக்கியான்னு. 'இருக்கேன்'னு அவரு வாயால சொல்லணும். ஒம்பது மாசமும்."

"கிறிஸ்துமஸுக்குக் கூட வீட்டுக்கு விட மாட்டீங்களா?"

"நீங்க வந்து பாக்கலாம்மா."

பூவம்மாள் பூட்டில்லாத கேட்டை மறுபடி தொட்டுப் பார்த்தாள். "எங்க ஒருசந்திக்கு ஈஸ்டர் வரும்மா. அன்னிக்கு முடிச்சிக்கலாம். இதுக்கு அந்த நாளு எப்ப வரும்?"

"இதுக்கு அந்த நாளே கெடையாதும்மா. ஒம்பது மாசம் கழிச்சி வெளிய போனாலும் கெடையாது. அதான் கஷ்டம்."

பூவம்மாள் கோயிலில் நிற்பதுபோல் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள். முடிவே இல்லாத ஒரு நோன்பு! அதற்குள் தன் மகன் கைவீசி நடந்து போகப்போகிறானா?

சகாயநாதன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். மனைவியின் எதிரே வந்து நின்றான்.

"மன்னிச்சிடுன்னு சொல்ல மாட்டேன் தேவமணி. அதை ரொம்ப தடவை சொல்லிட்டேன்..." பையின் வாரை இறுக்கிக்கொண்டான். "இன்னிக்கு இருக்கேன்."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான். வெங்காயம் உரித்தவர்களில் ஒருவர் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார்.

ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் தேவமணியை உட்கார வைத்தாள் பூவம்மாள்.

"ஏண்டி... நான் அந்தத் திட்டு திட்டனப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்க புள்ளை உங்களுக்குப் பெருசா இருந்தாரு அத்தை... அதை ஒடைக்க மனசு வரல."

பூவம்மாள் பொங்கி வந்த அழுகையைச் சேலைத் தலைப்பில் அடக்கிக்கொண்டு, மருமகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இன்று கதவு தட்டும் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நிலையில் வருவானோ என்று பயப்பட வேண்டியதில்லை. அந்த எண்ணம் வந்த மாத்திரத்தில் தேவமணியின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. பஸ் குலுங்கிய குலுக்கலில்கூட அவள் எழவில்லை.

"டிக்கெட்! டிக்கெட்!" என்று கத்திக்கொண்டே வந்தார் கண்டக்டர்.

பூவம்மாள் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்லமாப் பேசுப்பா... எம் பொண்ணு தூங்கறா."