உள்ளே யாருன்னா உண்டா?

இருபது நாளாகப் பூட்டிக் கிடந்த வீட்டின் நிலைப்படியில் மஞ்சள் பூசியிருந்தது. சாவியைத் தேடுகிற சாக்கில் சிட்டிபாபு குனிந்து தொட்டுப் பார்த்தான். ஈரம். விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகத்தில் பழைய சிரிப்பு அப்படியே இருந்தது. ஆள் பார்க்கும்போது முகம் மாறுகிறவன் ஊர் சுற்றிக் காட்டிப் பிழைக்க முடியாது.

"வாங்க சார், வாங்க மேடம். கவிராயர் பொறந்தது, பாடினது, போய்ச் சேந்தது எல்லாம் இந்தக் கார்வேட்டிநகரத்து வூட்லதான். காலைல சித்தூர்ல பாத்தீங்களே பள்ளிக்கூடம், அங்க படிச்சது நாலே மாசம். வாத்தியாரு தப்பா எழுதறாருன்னு எழுந்து வந்துட்டாரு!"

நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த பாலசுந்தரம் சிரித்தான். கவிராயரின் பேரன் அவன். மனைவி பிரேமலதா வீடியோ கேமராவை உத்தரத்தின் மேல் ஓட்டினாள். திருப்பதி யாத்திரைக்காரர்களுக்கு இந்த வீட்டை விடுதியாக்குவது அவர்கள் திட்டம். குறுக்கே இருந்தது ஒரே ஆள்: கவிராயரின் மகள் ருக்மணி. எழுபத்துநான்கு வயது. இரண்டு கண்ணும் தெரியாது.

"அத்தை இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது சிட்டிபாபு. ஆமா, உன் பையன் சாய்குமார் பயோடேட்டாவ அனுப்பு" என்று ஒரு மாசம் முன்னால் அங்கிருந்து போனில் சொல்லியிருந்தான் பாலசுந்தரம். இரண்டு பேச்சுக்கும் நடுவே அவன் மூச்சுகூட விடவில்லை. அந்த விடாத மூச்சில் இருந்ததைச் சிட்டிபாபு புரிந்துகொண்டான். சாமி கும்பிடப் போன இடத்தில் அத்தை தவறிவிட்டார், காரியமெல்லாம் நானே முடித்துவிட்டேன் என்று மறுவாரம் சேதி சொன்னான். அந்தப் பக்கம் ஒரு கேள்வி இல்லை. சாய்குமாரின் காகிதங்கள் மட்டும் மளமளவென்று நகர்ந்தன. வரும் புதன்கிழமை மெட்ராசில் விசா இன்டர்வியூ.

கூடத்தில் வௌவால் எச்சத்தின் நெடி. அதற்கும் அடியில், இப்போதுதான் யாரோ தலைவாரி எழுந்து போனதுபோலத் தேங்காயெண்ணெய் வாசனை. வந்தவர்களுக்குக் காட்டும் வழக்கமான வேடிக்கையைச் சிட்டிபாபு விடவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்து உள்கட்டு இருட்டைப் பார்த்துக் கூவினான்.

"உள்ளே யாருன்னா உண்டா?"

எப்போதும் எதிரொலிதான் வரும்.

"உண்டு."

பிரேமலதா கைதட்டினாள். "ஆள் வச்சிருக்கீங்களா? சூப்பர்!"

"இருக்கேங்கறார் பாரு தாத்தா!" என்றான் பாலசுந்தரம்.

மெட்ராசில் வளர்ந்த அவன் காதுக்கு அது தமிழ். எல்லையில் வளர்ந்த சிட்டிபாபுவுக்கு அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். தெலுங்கில் அது பதில் இல்லை, உத்தரவு. இங்கேயே இரு. ருக்மணியம்மாவின் வாயில் தெலுங்கு தவிர வேறொன்றும் வராது.

திருப்பதியில் விட்டுவிட்டு வந்த கிழவி எப்படியோ பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிட்டாள். இவர்கள் கண்ணில் படுமுன் அப்புறப்படுத்த வேண்டும்.

"நீங்க கிளம்புங்க சார். மழ வலுக்கறதுக்குள்ள திருப்பதி போய்ச் சேருங்க. நான் பூட்டிகினு பைக்ல வந்துர்றேன்."

"சாய்குமார ஷேவ் பண்ணிட்டுப் போகச் சொல்லுய்யா" என்று சொல்லிக்கொண்டே பாலசுந்தரம் இறங்கினான்.

உள்கட்டில் கயிற்றுக்கட்டில் காலி. அடுத்த அறை காலி. ஓட்டில் மழை அரிசி புடைப்பதுபோல இரைய, சமையலறைப் பக்கமிருந்து சேலை தரையில் உரசும் ஓசை அவன் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. அங்கேயும் யாருமில்லை. பையில் செல்போன் அடித்தது.

"திருப்பதி அலிபிரி மலப்படில பூ விக்கற கங்கம்மா பேசறேன்யா. கண்ணு தெரியாத பெரியம்மா ஒண்ணு, முந்தானைல உன் நம்பர முடிஞ்சி வச்சிருந்துச்சி. இருபது நாளா படிய வுட்டு எழுந்திருக்கல. யார் கூப்ட்டாலும் வரல. 'இக்கடே உண்டு, வஸ்தா'ன்னு சிட்டிபாபு சொல்லிட்டுப் போனான், வருவான்னே சொல்லிகினு இருந்துச்சி. குடுத்தா ரெண்டு வாயி துன்னும். இன்னிக்கி மதியம் போய்ச் சேந்துச்சி. நீ யாரு, புள்ளையா?"

சிட்டிபாபு வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"ராங் நம்பர்" என்றான்.

வெளியே கார் கிளம்பும் சத்தம். இரண்டு ஹாரன். ஒரு கூச்சல் போட்டால் போதும், பாலசுந்தரம் இறங்கி ஓடி வருவான். வந்தால் கேட்பான். செத்ததாக நீ சொன்ன அத்தை இன்று மதியம் எப்படிச் செத்தாள்? அதோடு புதன்கிழமை முடிந்தது.

சிட்டிபாபு வாயை மூடிக்கொண்டான்.

கார் புத்தூர் ரோட்டில் திரும்பியது. சத்தம் தேய்ந்தது. தேய்ந்தே போனது.

வாசல் கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக.

தாழ்ப்பாள்.

பிடரியில் மூச்சு. குளிர்ந்த மூச்சு.

தோளுக்கு மேலாக விரல்கள் வந்தன. பத்து விரல்கள். அவசரமில்லை. மோவாய். உதடு. மூக்கு. யாரென்று தெரிய வேண்டும் அவற்றுக்கு.

தெரிந்துவிட்டது.

இரண்டு கட்டைவிரல்களும் அவன் இமைகளின் மேல் ஏறி உட்கார்ந்து, அழுத்தத் தொடங்கின.