நிரப்பிய அம்பு

ஐன்ட்ஹோவன் நகரத்து மழையை நம்பவே கூடாது. பல்கலைக்கழகத்துச் சைக்கிள் கொட்டகை வாசலில் யோரிட் சைக்கிளில் வந்து இடித்தான். லீஸ்பெத் சைக்கிளோடு சாய்ந்தாள். அடிபட்டதா என்று கேட்டான். அவள் வாய் திறப்பதற்குள் மிதித்துப் போய்விட்டான். போகிறபோது ஒருதரம் திரும்பினான்... நனைந்த இமைகளுக்குள் சாம்பல் நிறக் கண்கள். அவளுக்கு வந்த கோபத்திலும் அவை அழகாயிருந்து தொலைத்தன.

மறுநாள் கூட்டத்தில் அதே கண்கள். கால்வாய் மதகுக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று கதவை மூடச் சொல்லும், மற்றது மூடும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் விடலாம். யோரிட் பலகையில் கம்ப்யூட்டருக்கு ஒன்றாக இரண்டு நெட்டுக்கோடுகள் இழுத்து, ஒன்று மற்றதற்குச் சொல்வதைக் காட்ட நடுவே அம்பு போட்டிருந்தான். இந்த மாதிரிப் படங்களைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கப் புதிதாக வந்தவள் லீஸ்பெத்.

"அம்போட தலை திறந்திருக்கே," என்றாள். "அப்படின்னா, சொல்லிட்டு அது பாட்டுக்குப் போயிடும். தலையை நிரப்பினாத்தான் பதில் வர்ற வரைக்கும் நிக்கும். உங்க படத்துல கதவு மூடறதுக்குள்ள தண்ணி வந்துடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "கேட்டுட்டு நிக்காம போறது உங்க வழக்கம் போலிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் அம்பின் தலையை நிரப்பினான். ஆனால் ரோஷம் விடவில்லை. உணவுக்கூடத்தில் அவள் பாலாடைக்கட்டி ரொட்டியைத் தின்னும்போது, சௌக்கியமா என்று கேட்டபடியே தாண்டிப் போவான். அவள் பதில் அவன் முதுகுக்குத்தான் போகும்.

வசந்தத்தில் அவளுக்குக் குரோனிங்கனில் வேலை கிடைத்தது. நாடு முடிகிற மூலை. கடைசி நாள், அவள் கூட்ட அறையில் மேலங்கி மாட்டும்போது யோரிட் உள்ளே வந்தான். பலகையில் இரண்டு கோடுகள் இழுத்தான். ஒன்றின் மேல் தன் பெயர், மற்றதன் மேல் அவள் பெயர். நடுவே அம்பு. தலையை மெதுவாக, வெள்ளை தெரியாமல் நிரப்பினான்.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு?"

நின்றான். ஜன்னலில் மழை வழிந்தது...

"பஸ் போயிடும்," என்றாள்.

"போகட்டும்."

"நான் குரோனிங்கன் போகத்தான் போறேன்."

"போங்க. நான் நிக்கறேன்."

அவள் அவனையே பார்த்தாள்.

"அன்னிக்குக் கேட்டியே, அடிபட்டுச்சான்னு," என்றாள். முதல்முறையாக ஒருமை. "முழங்கால்ல பட்டுச்சு. இப்பவும் வலிக்குது."

பேனாவை வாங்கினாள். தன் கோட்டிலிருந்து அவன் கோட்டுக்குப் புள்ளி புள்ளியாகப் பதில் கோடு இழுத்து, அதன் மேல் எழுதினாள்: எனக்கும்.